சாலை என்று அறிவிக்கப்பட்ட பெட்டி

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஹார்லி கார்னரில், மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமையன்று ஊரே கூடி ஊரை ஆளும். மற்ற நாட்களில் ஊர் எந்தக் குறையும் இல்லாமல் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

ஜானீன் திபோ அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. எல்லைக்கு அந்தப்பக்கம் கனடாவின் கியூபெக்கில் பிறந்தவள் என்பதால் ஊர் இன்னும் அவளைப் புதிதாக வந்தவள் என்றுதான் நினைக்கிறது. ஊர்க்கூட்டத்துக்கு எப்போதும் அவள் கணவர் மார்செல்தான் போவார். அவள் மேப்பிள் பாகு ஊற்றி வேகவைத்த பீன்ஸை ஒரு பானை நிறையக் கொடுத்தனுப்புவாள். இந்த வருடம் மார்செல் படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பானையோடு அவளே கிளம்பினாள்.

"அங்க என்னதான் பண்ணுவாங்க?" என்று புறப்படும்போது கேட்டாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த மார்செல் சற்று யோசித்தார். "பேசுவாங்க."

"அப்புறம்?"

"மத்தியானம் சாப்பாடு."

"அதுக்கப்புறம்?"

"காலையில பேசினதைத் திருத்துவாங்க. நீ பயப்படாத. எல்லாரும் நல்ல மனுஷங்கதான்."

சிக்கல் அதில்தான் இருக்கிறது என்பது அவளுக்கு அன்று சாயங்காலம்தான் புரிந்தது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மார்செலின் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. இதய டாக்டரம்மா இருப்பது மலைக்கு அந்தப்பக்கம். கணவாய்ச் சாலை பனியில் மூடிக் கிடக்க, சுற்றுவழியில் போனால் அரை நாள் குலுக்கல். அந்தக் குலுக்கல் ஆகாது, வியாழக்கிழமை காலை கணினித் திரையில் நானே அவரைப் பார்க்கிறேன், பார்த்துவிட்டு அறுவை சிகிச்சையா இல்லையா என்று சொல்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திபோ தம்பதியின் வீடு இருக்கும் மேட்டுக்கு இணையம் கிடையாது. பள்ளத்தாக்கில் கைப்பேசிக்குச் சிக்னலும் கிடையாது. ஊருக்குள் வரும் ஒரே இணையக் கம்பி நூலகச் சுவரில் வந்து முடிகிறது. பிப்ரவரி மாதப் பனிப்புயலில் அங்கிருந்த பெட்டி எரிந்துபோய்விட்டது. புதுப் பெட்டி வாங்க ஊர்க்கூட்டம் சம்மதிக்க வேண்டும்.

கூட்டத்தை நடத்தியவர் ஆல்டன் விட்கம். மரச் சுத்தியலை மேசையில் தட்டி அவர் தொடங்கி வைத்தார்.

"இந்தச் சபையில யாரும் யாரோடயும் பேசக்கூடாது. எல்லாரும் எங்கிட்டதான் பேசணும். அதுக்குப் பேருதான் ஜனநாயகம்."

முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "தலைவரே, என் வீட்டுக்காரர் என் கோட்டு மேல உக்காந்திருக்காரு."

"கோட்டு மேல உக்காந்திருக்கற உறுப்பினர் எழுந்திருக்கணும்" என்றார் ஆல்டன். பக்கத்திலிருந்த கணவர் எழுந்து கோட்டை உருவிக் கொடுத்துவிட்டு, "கொடுத்தாச்சுன்னு அவகிட்டச் சொல்லிடுங்க தலைவரே" என்றார்.

ஜானீன் பானையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பத்துப் பிரிவுகள் முடிந்தபின் ஆல்டன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: "பதினோராவது பிரிவு. நூலகத்தில் எரிந்துபோன பெட்டிக்குப் பதிலாக, மோடம் ஒன்றும் ரூட்டர் ஒன்றும் தனித்தனியாக வாங்குவதா, இரண்டும் சேர்ந்த ஒரே பெட்டியாக வாங்குவதா, இது குறித்து வேறு எதுவும் செய்வதா, அல்லது ஒன்றுமே செய்யாமல் விடுவதா?"

கடைசி யோசனைக்குப் பின் வரிசையில் நல்ல ஆதரவு தெரிந்தது.

நூலகர் நோரீன் ஹாஸ்கல் கையைத் தூக்கினாள். நோரீன் பக்கத்து ஊர்க்காரி. ஆற்றுக்கு அந்தக் கரையில் வீடு. வெளியூர்க்காரர் பேச வேண்டுமென்றால் சபையில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்கலாமா என்பது பற்றி முதலில் ஒரு விவாதம் நடந்தது. இன்று நோரீனை விட்டால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் வந்து பேசுவார்கள் என்று ஒருவர் எச்சரித்தார். நோரீன் தினமும் அவருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவள். கடைசியில் அனுமதி கிடைத்தது.

"தலைவரே, மோடம்ங்கறது வெளியேருந்து கம்பியில வர்றதை வாங்கிக்கும். ரூட்டர் அதை உள்ள இருக்கற கணினிக்கெல்லாம் பிரிச்சுக் கொடுக்கும். ரெண்டா வாங்கினா ஒண்ணு கெட்டா அதை மட்டும் மாத்திக்கலாம். ஒண்ணா வாங்கினா இடம் மிச்சம். நம்ம நூலகத்துக்கு எது வாங்கினாலும் சரிதான்."

"எதை ஆதரிக்கிறீங்க?"

"ரெண்டையும்."

"அப்படி ஒரு பக்கம் இங்க இல்லை. உக்காருங்க."

அடுத்து எழுந்தவர் நூலகக் குழுத் தலைவர் லூசியஸ் ஃபார்னம். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். மழை பெய்யுமா என்று கேட்டால் கூட விடுதலைப் போரிலிருந்து ஆரம்பிப்பார்.

"தலைவரே, அமெரிக்காவுல சேர்றதுக்கு முன்னாடி நம்ம மாநிலம் பதினாலு வருஷம் தனி நாடா இருந்துச்சு. எதுக்கு? எல்லா அதிகாரமும் ஒரே கையில இருக்கக்கூடாதுன்னுதான். வாங்கறது ஒரு பெட்டி, பங்கு வைக்கறது ஒரு பெட்டின்னு இருந்தாத்தான் நியாயம். வாங்கறவனே பங்கும் வச்சா அது மன்னராட்சி. நான் இருபது வருஷமா நூலகக் குழுவுக்குத் தலைவர். ஒரு தடவை கூட யாரும் என்னை எதிர்த்து நின்னதில்லை. அதிகாரம் ஒரே இடத்துல தேங்கினா என்ன ஆகும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?"

பலத்த கைதட்டல்.

ஊராட்சிக் குழுத் தலைவி புரூடன்ஸ் கோல்பர்ன் பதில் சொல்ல எழுந்தாள். "தலைவரே, ஒரே பெட்டி, ஒரே பிளக், தூசி தட்டறதும் ஒரு தடவைதான். எங்க குழு சிக்கனத்துக்குப் பேர்போனது. போன வருஷம் பாலத்தைச் சரிபண்ணாம விட்டே எவ்வளவு மிச்சம் பிடிச்சோம்னு உங்களுக்கே தெரியும்."

இதற்கும் பலத்த கைதட்டல். பாலம் இல்லாததால் ஆற்றைச் சுற்றிக்கொண்டு தாமதமாக வந்தவர்களும் தட்டினார்கள்.

அப்போது ஆல்டனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவருக்குச் சந்தேகம் வந்தால் ஊர் அன்று வீட்டுக்குப் போவது கஷ்டம். நூலகக் கட்டடத்தின் வெளிச்சுவர் வரைக்கும் ஊராட்சிக் குழுவின் பொறுப்பு. சுவருக்கு உள்ளே நூலகக் குழுவின் பொறுப்பு. மோடம் வெளி விவகாரம், ரூட்டர் உள் விவகாரம். அப்படியானால் இரண்டும் சேர்ந்த பெட்டி யாருடையது?

புரூடன்ஸின் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ அந்தப் பெட்டிக்குள்ள எங்க குழுவும் லூசியஸோட குழுவும் ஒண்ணா இருக்கணுமா?"

"ரெண்டு குழுவையும் ஒண்ணாச் சேர்த்தாத்தான் அந்தப் பெட்டியை வாங்க முடியும்" என்றார் ஆல்டன். "அதுக்கு மாநிலச் சட்டமன்றம் ஒப்புக்கணும்."

கோட்டு மாட்டும் கொக்கி யாருடையது என்று தகராறு வந்த நாளிலிருந்து இரண்டு குழுக்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. புரூடன்ஸும் லூசியஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமலே வேண்டாம் என்று தலையை ஆட்டினார்கள். காலையிலிருந்து ஒரே பெட்டிக்காக வாதாடிய புரூடன்ஸ் அந்த நிமிடமே தனித்தனிப் பெட்டிக்கு மாறிவிட்டாள்.

பிறகு சாப்பாட்டுக்கு விட்டார்கள்.

இந்தச் சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். யாரும் தீர்மானம் போடவில்லை, யாரும் சுத்தியல் தட்டவில்லை. நாலு பெண்கள் அகப்பையை எடுத்தார்கள், மொத்த ஊரும் வயிறாரச் சாப்பிட்டது. ஜானீன் பீன்ஸ் பரிமாறிக்கொண்டே ஒவ்வொருவரிடமும் வியாழக்கிழமை விஷயத்தைச் சொன்னாள். எல்லாருக்கும் மனசு இளகிவிட்டது. "மார்செலை டாக்டர் பாக்காம எப்படி? பெட்டியை வாங்கிடலாம், விடுங்க" என்றார் லூசியஸ். புரூடன்ஸுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மார்செலுக்குக் கொடுக்கும்படி ஆப்பிள் பலகாரத்தில் பெரிய துண்டாக வெட்டித் தாளில் சுற்றிக் கொடுத்தாள். இவ்வளவு தங்கமான மனிதர்களைப் பார்த்து எதற்குப் பயந்தோம் என்று ஜானீனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

சாப்பிட்டு முடித்து அவரவர் நாற்காலிக்குத் திரும்பியதும் எல்லாரும் மறுபடியும் குடிமக்களாகிவிட்டார்கள்.

சாலைப் பொறுப்பாளர் டுவைட் பெல்லோஸ் எழுந்தார். பனி தள்ளும் லாரியை ஓட்டுகிற ஆஜானுபாகுவான ஆள். வருடத்துக்கு ஒருமுறைதான் வாயைத் திறப்பார்.

"தலைவரே, வெளியூர்லேருந்து ஒரு சாமான் எது வழியா ஊருக்குள்ள வருதோ அது என்ன? ரோடு. இந்த மோடம் வழியா வெளியேருந்து வருதா இல்லையா? அப்போ அதுவும் ரோடுதான். எனக்கு அது வேண்டாம். இருக்கற ரோட்டையே என்னால பாக்க முடியல. ஆனா நாளைக்கு அது நின்னுபோச்சுன்னா எல்லாரும் எனக்குத்தானே போன் பண்ணுவீங்க?"

கூட்டம் யோசித்துப் பார்த்தது. டுவைட்டுக்குத்தான் பண்ணுவோம் என்று எல்லாருக்கும் பட்டது. ஆல்டன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, மோடம் ஒரு சாலை என்றும், ஆகவே அது சாலைத் துறையின் கராஜில் இருக்க வேண்டும் என்றும் அறிவித்தார். ரூட்டர் நூலகத்தில் இருக்கும். நூலகத்துக்கும் கராஜுக்கும் இடையே இரண்டு மைல். இரண்டையும் இணைக்கும் கம்பி?

அது இரண்டு குழுக்களுக்கும் இடையிலான எல்லை. எல்லை என்றால் வேலி. எங்கள் ஊரில் வேலி பார்ப்பவர்கள் என்று மூன்று பேர் வருடந்தோறும் நியமிக்கப்படுகிறார்கள். பண்ணைக்காரர்கள் வேலிக்காகச் சண்டை போட்டால் போய்ப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல வேண்டும். ஊரில் யாரும் வேலிச் சண்டை போட்டுப் பல காலம் ஆகிறது. மூன்று பேரும் கம்பளிச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த மார்ச் மாதம் அறிக்கை தருவதாக உறுதி சொன்னார்கள்.

ஜானீனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்தாள்.

"தலைவரே, என் வீட்டுக்காரருக்கு இதயம் சரியில்லை. வியாழக்கிழமை டாக்டர் அவரைப் பாத்தாகணும். எனக்கு ஒரு பெட்டின்னாலும் சரி, ரெண்டு பெட்டின்னாலும் சரி. நூலகத்துல இருக்கணும், வியாழக்கிழமைக்குள்ள இருக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது."

ஆல்டன் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"உறுப்பினரோட பேச்சு என் மனசை உருக்கிடுச்சு. ஆனா பதினோராவது பிரிவுல வியாழக்கிழமைங்கற வார்த்தையே இல்லை. இல்லாத கிழமையைப் பத்தி இந்தச் சபை பேச முடியாது."

இரக்கப்பட்ட ஒருவர், தீர்மானத்தில் 'மார்செல் திபோவின் இதயத்துக்காக' என்று சேர்க்கலாம் என்றார். பொதுச் சொத்தைத் தனி ஒருவரின் இதயத்துக்குக் கொடுப்பது முறையாகாது என்று லூசியஸ் வருத்தத்தோடு சொன்னார். அதனால் 'பொதுவாக இதயங்களுக்காக' என்று திருத்தினார்கள். பால்பண்ணைக்காரர் ஒருவர் இதில் மாடுகள் அடங்குமா என்று கேட்டார். 'மாடுகள் நீங்கலாக' என்று மறுபடியும் திருத்தினார்கள். அவர் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"ஆதரிக்கறவங்க ஆமாம்னு சொல்லுங்க."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். இதயம் என்ற வார்த்தை காதில் விழுந்ததால் ஜானீனும் ஆமாம் என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் எதற்கு ஆமாம் சொன்னோம் என்று யோசித்தாள். அதற்குள் எல்லாரும் எழுந்து நின்று தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

நிறைவேறிய தீர்மானத்தை நடத்திக் காட்டுவதில் எங்கள் ஊரை யாரும் குறை சொல்ல முடியாது. மறுநாளே இரண்டு பெட்டிகளும் வந்துவிட்டன. ரூட்டர் நூலகத்து மேசையில் சிவப்பு ரிப்பனோடு உட்கார்ந்தது. மோடம் கராஜில், உப்பு மூட்டைக்கும் சக்கரச் சங்கிலிக்கும் நடுவே ஓர் அலமாரியில் ஏறியது. ஜானீன் அதைத் தேடிக்கொண்டு போனாள்.

"டுவைட், இதுக்குக் கம்பி எங்க?"

"கம்பி நூலகத்துலதானே இருக்கு."

"அப்போ இது இங்க என்ன பண்ணுது?"

"பாருங்க, பச்சை லைட் எரியுது" என்றார் டுவைட் பெருமையாக.

ஜானீன் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "எனக்கு மார்செல் வேணும் டுவைட். அந்த மனுஷன் இல்லாம அந்த மேட்டு வீட்டுல நான் என்ன பண்ணுவேன்? உங்க ரோடும் வேண்டாம் வேலியும் வேண்டாம்."

டுவைட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அழுகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. சாலையைப் பற்றி மட்டும் தெரியும். அதனால் சாலையைப் பற்றி யோசித்தார்.

"புதுசா ரோடு போட எனக்கு அதிகாரமில்லை. இருக்கற ரோட்டை மூடவும் அதிகாரமில்லை. ஆனா பனிக்காலத்துல ரோட்டை வேற பக்கமாத் திருப்பிவிடலாம். அதுக்கு நான் ஒருத்தரையும் கேக்க வேண்டியதில்லை."

வியாழக்கிழமை காலை பனி தள்ளும் லாரி நூலக வாசலில் வந்து நின்றது. முன் இருக்கையில் பெல்ட் மாட்டிய மோடம். டுவைட் அதை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்து நோரீனிடம் கொடுத்துவிட்டு, 'மாற்றுப்பாதை' என்று எழுதிய ஆரஞ்சுப் பலகையை அவள் மேசைக்கு முன்னால் நட்டார். நோரீன் சுவர்க் கம்பியை மோடத்தில் சொருகினாள், மோடத்தை ரூட்டரில் சொருகினாள். வேறொன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

மார்செல் டை கட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் டாக்டர் வந்தார். கழுத்தைக் காட்டச் சொன்னார், காலைக் காட்டச் சொன்னார், நாலு எட்டு நடந்துவிட்டு வரச் சொன்னார். ஜானீன் மார்செலின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

நல்ல வேளை, கெட்ட வேளை இரண்டும் ஒன்றாக வரும்போல. கதவைத் திறந்துகொண்டு ஆல்டனும், புரூடன்ஸும், லூசியஸும், இரண்டு குழுக்களின் உறுப்பினர்களும், வேலி பார்ப்பவர்கள் மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். மோடம் ஊர்ப்பயணம் போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இது சட்ட மீறல்" என்று ஆல்டன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். நூலகத்தில் சத்தமாகப் பேசக்கூடாது.

"எந்தச் சட்டம்?" என்றார் டுவைட்.

அது யாருக்கும் தெரியவில்லை. சட்டம் மாநில அரசின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. எல்லாரும் கைப்பேசியை எடுத்து நூலகத்து வைஃபையில் தேட ஆரம்பித்தார்கள். புரூடன்ஸ் சாலைச் சட்டம், லூசியஸ் மாநில வரலாறு, வேலி பார்ப்பவர்கள் வேலி. பின்னால் நின்ற ஒருவர் ஐஸ் ஹாக்கி முடிவையும் பார்த்துவிடலாம் என்று பார்த்தார்.

"உங்க நிலைமைக்கு நான் சொல்றது என்னன்னா, மிஸ்டர் திபோ" என்று டாக்டர் தொடங்கினார். வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். திரை உறைந்துபோயிற்று.

ஜானீன் திரும்பிப் பார்த்தாள். வெளிச்சம் அடித்த முகங்கள் எல்லாம் கைப்பேசிக்குள் குனிந்திருந்தன. அவளுக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது.

"போனைக் கீழ வைங்க! எல்லாரும்! புரூடன்ஸ், நீதான்! லூசியஸ், நீங்களும்! பலகாரம் கொடுத்து அழுதீங்களே, அந்த மனுஷன் சாகறதா இருக்கறதான்னு அந்தம்மா சொல்லப்போறாங்க, வைங்கடா கீழ!"

ஹார்லி கார்னரில் குழுக்கள் கூடியிருக்கும்போது ஒருவர் தலைவரைத் தாண்டி நேராக இன்னொருவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அதிர்ச்சியில் எல்லாரும் போனைக் கீழே வைத்தார்கள். ஆல்டன் தன் கையிலிருந்ததை மேசைமேல் கவிழ்த்தே வைத்துவிட்டார்.

டாக்டரின் வாய் அசைந்தது. "சீக்கிரமே பண்ணியாகணும். திங்கட்கிழமை இங்கேயிருந்து ஆம்புலன்ஸ் அனுப்பறேன், படுத்துட்டே வந்துடலாம். ஒரு மாசம் தாமதிச்சிருந்தா நான் பொறுப்பில்லைன்னுதான் சொல்லியிருப்பேன். வால்வை மாத்திட்டா நல்லா இருப்பீங்க."

மார்செல் டையைத் தளர்த்திக்கொண்டார். புரூடன்ஸ் தேம்பித் தேம்பி அழுதாள். வேலி பார்ப்பவர்களில் ஒருவர் டுவைட்டைக் கட்டிக்கொண்டார். ஆனந்தமெல்லாம் அடங்கிய பிறகு, என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருந்தது. சட்டப்படி நடவடிக்கை எடுத்தால், அந்தச் சட்டவிரோத இணைப்பில் எல்லாரும்தான் மேய்ந்திருக்கிறார்கள். இரண்டு குழுக்களும் கொக்கித் தகராறுக்குப் பிறகு முதல்முறையாக ஒன்றாகக் கூடி, அன்று காலை நூலகத்தில் எதுவுமே நடக்கவில்லை என்று ஒருமனதாக முடிவெடுத்தன. மாற்றுப்பாதையை எடுத்துவிட்டு, மோடத்துக்கு மறுபடியும் பெல்ட் மாட்டி, டுவைட் கராஜுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

மார்செல் பிழைத்துக்கொண்டார். மே மாதம் கொட்டகை வரை நடந்தார், இலையுதிர்காலத்தில் விறகு பிளந்தார். ஜானீன் திட்டத் திட்டப் பிளந்தார்.

அடுத்த மார்ச் மாதக் கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். கம்பியைப் பற்றி ஆராய இன்னும் ஒரு வருடம் வேண்டும் என்று வேலி பார்ப்பவர்கள் கேட்டார்கள். கிடைத்தது. 'மற்றவை' என்ற பிரிவு வந்தபோது மார்செல் எழுந்து நின்றார்.

"தலைவரே, டுவைட்டுக்கும் நோரீனுக்கும் நன்றி சொல்லணும். போன மார்ச்சுல டாக்டர் என்னைப் பாத்ததாலதான் இன்னைக்கு நான் உங்க முன்னாடி நிக்கறேன்."

கைதட்ட எல்லாருடைய கைகளும் மேலே எழுந்தன. ஆல்டன் சுத்தியலைத் தட்டினார்.

"உறுப்பினர் சொல்ற சந்திப்பு நடக்கவே இல்லைன்னு ரெண்டு குழுவும் ஒருமனதா முடிவு பண்ணிருக்கு. நடக்காத ஒண்ணால ஒருத்தர் உயிரோட இருக்கறதை இந்தச் சபை ஏத்துக்க முடியாது. உறுப்பினர் உக்காரணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டா, மார்செல், உங்களைப் பாக்க ரொம்ப சந்தோஷமா இருக்கு" என்றார்.

மார்செல் உட்காரவில்லை. ஜானீன் அவர் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"சபை ஏத்துக்க வேண்டாம் தலைவரே" என்றாள். "எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

பிறகு மார்செலின் கோட்டுக்குள் கையை விட்டு நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். அது ஒருவரையும் கேட்காமல் அடித்துக்கொண்டிருந்தது.